சுழற்சியும் சுருதியும்: இசைத்தட்டுக் கருவியின் இயக்கமுறைகள்

இசைத்தட்டில் ஒலி ஒரு நீண்ட வரியின் வளைவுகளாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வரியில் ஊசி எவ்வளவு விரைவாகச் செல்கிறதோ அதற்கேற்பச் சுருதி ஏறும் அல்லது இறங்கும். பழைய ஒளிப்படம் மங்கினால் குறை கண்ணுக்குத் தெரிகிறது. தட்டு சற்று விரைந்து சுழன்றாலோ கேட்பவருக்குக் குறை எதுவும் தோன்றுவதில்லை. பாடகர் அந்தச் சுருதியிலேயே பாடினார் என்று நம்பிவிடுகிறோம். வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடினால் ஆர்மோனியத்தில் அடுத்த கட்டைக்கே சுருதி போய்விடும். பழைய தமிழ் இசைத்தட்டுகள் கணினிக் கோப்புகளாக மாற்றப்பட்டுவரும் இக்காலத்தில், தட்டைச் சுழற்றும் பொறியைப் பற்றிய அறிவு ஒலிப்பொறியாளருக்கு மட்டும் உரியதன்று.

தொடக்கக் காலக் கருவிகளைக் கையால் சுற்றினர். பின்னர்ச் சுருள்வில் வந்தது. வில் தளரத் தளர வேகம் குறையாதிருக்க, சுழலும் சிறு எடைகள் கொண்ட ஒரு கட்டுப்பாட்டு உறுப்பு பொருத்தப்பட்டது. எனினும் எல்லாரும் ஏற்ற ஒரே வேகம் அந்நாளில் இல்லை; நிமிடத்திற்கு 70 சுற்றுகள் முதல் 80க்கு மேலும் தட்டுகள் பதிவாயின. மின்மோட்டார் வந்தபின்பே வேகம் ஒழுங்குபட்டது. அமெரிக்காவில் மின்னோட்டம் நொடிக்கு 60 முறை அலைகிறது. அதனால் நிமிடத்திற்கு 3,600 சுற்றுகள் சுழலும் மோட்டாரின் வேகத்தை 46ஆல் வகுக்கும் பல்சக்கர அமைப்பைப் பொருத்தினர், கிடைத்தது 78.26. மின்னோட்டம் 50 முறை அலையும் நாடுகளில் கிடைத்தது 77.92. நாம் பொதுவாக '78' என்று வழங்கும் எண் இப்படிப் பிறந்ததே. 1948இல் 33⅓ சுற்று நெடுந்தட்டும், அடுத்த ஆண்டில் 45 சுற்றுச் சிறுதட்டும் வந்தன.

மோட்டாரைச் சுழல்மேடையோடு இணைப்பதில் ஓர் இடர் உண்டு. ஊசியின் வேலையே மிக நுண்ணிய அதிர்வுகளை உணர்வது. மோட்டாரோ இயல்பிலேயே அதிரும் பொருள். சுழற்சி மேடைக்குச் செல்லவேண்டும், அதிர்வு செல்லக்கூடாது. இயக்கமுறைகளின் வரலாறு முழுவதும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே நடந்தது எனலாம்.

இடைச்சக்கர முறையில், இரப்பர் விளிம்புள்ள சிறு சக்கரமொன்று மோட்டாரின் தண்டுக்கும் மேடையின் உள்விளிம்புக்கும் இடையே அழுந்தி நின்று மேடையைச் சுழற்றுகிறது. இங்கிலாந்தின் 'கேரார்டு 301' (1954) இவ்வகையில் புகழ்பெற்றது. வலிமையும் விரைந்த தொடக்கமும் இதன் சிறப்புகள். அடிநாதமாக ஒலிக்கும் மெல்லிய உறுமல் இதன் குறை. கருவியை நிறுத்தியபின் சக்கரத்தை விலக்காமல் அழுந்தியபடியே விட்டுவிட்டால் இரப்பரில் குழி விழும். பின்னர் ஓயாமல் 'டக்' என்னும் ஒலி கேட்கும்.

வார்ப்பட்டை முறை மோட்டாரைத் தள்ளி வைத்தது. அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் வடிவமைத்து 1961இல் வெளிவந்த கருவியில், மேடையும் ஊசித்தண்டும் விற்களில் தொங்கும் ஒரே சட்டத்தில் அமர்ந்தன. இரப்பர்ப் பட்டை ஒன்றே மோட்டாரோடு தொடர்பு. அதிர்வு பட்டையிலும் விற்களிலுமே அடங்கிவிடுகிறது. ஆயினும் பட்டை நாளடைவில் தளரும். நம் வெப்பநிலையில் அது கெடுவதும் விரைவு.

இம்முறைக் கருவிகள் பல மின்னோட்டத்தின் அலைவையே கடிகாரமாகக் கொண்டவை. அமெரிக்காவிலிருந்து அத்தகைய கருவியொன்றை மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ கொண்டுவருவோர், மின்னழுத்த மாற்றியைப் பொருத்தினால் போதும் என எண்ணக்கூடும். அது அழுத்தத்தைத்தான் குறைக்கும், அலைவை மாற்றாது. இங்கு அலைவு 50 ஆதலால் 33⅓ சுற்று 28க்கும் கீழே இறங்கும். பெண்குரல் ஆண்குரல்போல் கேட்கும். மோட்டாரின் கப்பியை மாற்றுவதே தீர்வு.

நேரியக்க முறையில் சக்கரமும் இல்லை, பட்டையும் இல்லை. மேடையின் அச்சே மோட்டாரின் அச்சு. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 'டெக்னிக்ஸ் எஸ்பி-10' கருவியை 1970இல் வெளியிட்டது. 1979இல் வந்த 'எஸ்எல்-1200 எம்கே2' குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பைக் கொண்டு வேகத்தைக் காத்தது. 0.7 நொடியில் முழுவேகம் பெறும் அக்கருவியை நடன அரங்கின் இசைக்கலைஞர்கள் விரும்பியதில் வியப்பில்லை. ஜப்பானின் கிழக்கில் 50, மேற்கில் 60 என இருவகை மின்னலைவு உண்டு. அத்தகைய நாட்டிலிருந்து, எந்த மின்னலைவையும் நம்பாத கருவி வந்தது பொருத்தமே.

மூன்றில் எது சிறந்தது என்னும் வழக்கு இன்னும் ஓயவில்லை. நன்கு பேணப்பட்ட இடைச்சக்கரக் கருவி பேணப்படாத நேரியக்கக் கருவியை எளிதில் வெல்லும் என்பதே என் கருத்து. வேகத்தைச் சோதிக்க ஒரு தாள் வட்டம் போதும். 50 அலைவு மின்னோட்டத்தில் 33⅓ சுற்றுக்கு 180 கோடுகளும் 78க்கு 77 கோடுகளும் அதில் வரையப்பட்டிருக்கவேண்டும். பழைய குழல்விளக்கின் ஒளியில் கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. முன்னே நகர்ந்தால் மிகை, பின்னே நகர்ந்தால் குறை. இன்றைய எல்இடி விளக்குகள் பல சிமிட்டுவதில்லை. அவற்றின் ஒளியில் இச்சோதனை பயன்தராது.

இரசமட்டம் வைத்து மேடையைச் சமன்செய்தபின் ஊசியின் அழுத்தத்தைச் சிறு தராசால் அளக்கவேண்டும். நெடுந்தட்டு ஊசிகள் பலவற்றுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை பொருந்தும். தயாரித்தவர் குறித்த அளவே முடிவானது. தட்டுக்கு நல்லது என்று கருதி அழுத்தத்தை மிகக் குறைப்போர் உளர். இலேசான ஊசி வரியில் நிலைகொள்ளாமல் துள்ளி, அதன் சுவர்களைச் சிதைக்கிறது. 78 தட்டுக்கு வேறு ஊசி வேண்டும்: அதன் வரி அகலமானதாகையால் நெடுந்தட்டின் மெல்லிய ஊசி வரியின் அடியில் உரசிக்கொண்டு ஓடும்.

இனி, பழைய தட்டு பதிவான வேகத்தை அறிவது எவ்வாறு? எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தார், திரைப்படத்தில் நடித்தவரல்லர், அவர் குரல் இசைத்தட்டுகளில்தான் எஞ்சியுள்ளது. உயர்ந்த சுருதிக்குப் பெயர்பெற்ற அவர் தட்டொன்று 75 சுற்றில் பதிவாகி இன்று 80இல் சுழற்றப்படுமானால், இல்லாத அரைச்சுரம் ஒன்று அவர் புகழில் சேர்ந்துவிடும். நாடகப் பாடல்களில் உடன் ஒலிக்கும் ஆர்மோனியம் இங்கு உதவுகிறது. அதன் ஒலி இரு கட்டைகளுக்கு நடுவே விழுந்தால் வேகம் ஐயத்திற்குரியது. ஆயினும் ஆர்மோனியங்கள் யாவும் ஒரே அளவில் சுருதி சேர்க்கப்பட்டவையல்ல; மேலும் 73.6, 78, 82.6 ஆகிய மூன்று வேகங்களிலும் அது ஏதேனும் ஒரு கட்டையில் பொருந்தவே செய்யும். அவற்றுள் ஒன்றைத் தேர்வது குரலை அறிந்த செவியின் பணி. வேகம் மிகுந்தால் சுருதியோடு உயிரொலிகளின் தன்மையும் மாறும். முதிர்ந்த குரலின் ஆகாரம் சிறுவன் குரலைப்போல் மெலியும். குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள மாத்திரை விகிதமோ சீரான வேகப்பிழையால் மாறாது. ஆகவே உச்சரிப்பின் நீட்டத்தை மட்டும் கேட்டு வேகத்தை முடிவுசெய்தல் இயலாது. கோப்பைச் சேமிப்போர் தாம் தேர்ந்த சுழல்வேகத்தையும், அதற்குரிய காரணத்தையும், பயன்படுத்திய ஊசியின் அளவையும் கோப்புடனேயே எழுதிவைத்தால், பின்னர் வருவோர் தட்டைத் தேடாமலே வேகத்தைத் திருத்திக் கேட்க முடியும்.