விமானத்துக்கு ஒரு கம்பளி நூல்

அமெரிக்காவில் ஏதாவது ஒரு சிறு விமானத் திடலில் காலையில் போய் நின்றால் இந்தக் காட்சி தப்பாமல் கிடைக்கும். செஸ்னா 172 விமானத்தின் பைலட் சின்ன ஏணியில் ஏறி, இறக்கையின் மேலுள்ள டேங்க் மூடியைத் திருகிக் கழற்றி, ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்பார். நம் ஊரில் டிராக்டருக்கு டீசல் பார்ப்பது போலத்தான். காக்பிட்டில் இரண்டு டேங்குக்கும் தனித்தனி கேஜ் உண்டு. ஆனால், கிளம்பும்முன் அதை மட்டும் நம்பாதே என்பதுதான் பறக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் சொல்லும் முதல் பாடங்களில் ஒன்று.

காரணம் எளிது. டேங்க் இறக்கைக்குள் அகலமாக, தட்டையாகப் படுத்திருக்கிறது. அதற்குள் ஒரு மிதவை ஏறி இறங்குவதை வைத்துத்தான் முள் நகர்கிறது. விமானம் கொஞ்சம் சாய்ந்தாலும் எரிபொருள் ஒரு பக்கமாக ஓடிவிடும். மிதவை பொய் சொல்லும். குச்சிக்கு அந்தக் கோளாறு இல்லை.

இந்தக் குச்சியைப் பலர் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். வார்னிஷ் பூசாத மரம்தான் வேண்டும், நனைந்த தடம் அதில்தான் தெரியும். விமானத்தைச் சமதளத்தில் நிறுத்தி, டேங்கை வடித்துவிட்டு, ஐந்து கேலன், அதாவது சுமார் 19 லிட்டர், ஊற்றிக் குச்சியை விட வேண்டும். நனைந்த இடத்தில் ரம்பத்தால் ஒரு கீறல். மறுபடி ஐந்து கேலன், மறுபடி ஒரு கீறல், டேங்க் நிறையும்வரை. கீறல் வெறும் அடையாளம் மட்டுமல்ல; மரத்தின் நாரைப் பிடித்துக்கொண்டு பெட்ரோல் மேலே ஏறுவதையும் அது தடுக்கும். குச்சியின் தலையில் குறுக்கே ஒரு கட்டை கட்டாயம். இல்லாவிட்டால் கை நழுவினால் குச்சி டேங்குக்குள் போய்விடும். விமான பெட்ரோல் சட்டென்று ஆவியாகும், எடுத்த மாத்திரத்தில் பார்த்துவிட வேண்டும்.

ஒரு விமானத்தின் குச்சி இன்னொன்றுக்குச் சரிப்படாது. டேங்கின் வடிவம் மாறினால் கணக்கும் மாறும். இப்போதைய 172எஸ் விமானத்தில் மொத்தக் கொள்ளளவு 56 கேலன். எஞ்சினுக்குப் போய்ச் சேர்வது 53 மட்டுமே. மிச்சம் மூன்று கேலன் டேங்கின் அடியிலேயே தங்கிவிடும். முதலில் வடிக்கும்போது இதை மறந்துவிட்டுக் கோடு போட்டவருடைய குச்சி, பறக்க உதவாத பெட்ரோலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

குச்சியைவிட மலிவான கருவி ஒன்று இருக்கிறது: ஒரு சாண் கம்பளி நூல். ரைட் சகோதரர்கள் 1902-இல் தங்கள் கிளைடரின் முன்பக்கம் கட்டிப் பறந்தது இதைத்தான். விமானத்தின் மூக்கு காற்றுக்கு நேராக இருந்தால் நூல் நேராகக் கிடக்கும். விமானம் பக்கவாட்டில் சறுக்கினால் நூலும் ஒருபக்கம் விலகும். வேகம் குறைந்த நேரத்தில் இந்தச் சறுக்கல் இருந்தால் விமானம் சுழன்று விழக்கூடும், ஆகவே இது விளையாட்டுச் சாமான் அல்ல. இன்றும் கிளைடர்காரர்கள் கண்ணாடிக்கு வெளியே ஒரு துண்டு நூலை ஒட்டிக்கொள்கிறார்கள். எழுபதாயிரம் அடி உயரத்தில் பறக்கும் யு-2 உளவு விமானத்திலும் அது உண்டு. ஆனால், மூக்கில் புரொப்பல்லர் உள்ள செஸ்னாவின் கண்ணாடியில் ஒட்டினால் பயனில்லை. புரொப்பல்லர் முறுக்கித் தள்ளும் காற்றைத்தான் நூல் காட்டும்.

இப்படிப்பட்ட கைவேலைகள் பெரும்பாலும் கையில் பிடிக்கிற, கழற்றி வைக்கிற சாமான்களாகவே இருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். தொழிற்சாலையில் செய்து சான்று பெற்ற விமானத்தில் நிரந்தரமாக எதைப் பொருத்துவதானாலும் அமெரிக்க விமானத்துறை நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் விதிகள் குறுக்கே வரும். எண்ணெய் மாற்றுவது, டயர் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் துடைப்பது போன்ற வேலைகளைப் பைலட் உரிமம் உள்ள உரிமையாளரே செய்துகொள்ளலாம். அதற்குத் தனிப் பட்டியல் உண்டு. அதைத் தாண்டினால் உரிமம் பெற்ற மெக்கானிக் வேண்டும். பையில் எடுத்துப்போகும் குச்சியை யாரும் கேட்பதில்லை.

கழற்றி வைக்கிற சாமானில்தான் ஆபத்தும் இருக்கிறது. பிடோ குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கையின் கீழே முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சின்னக் குழாய்க்குள் புகும் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் வேகமானி வேலை செய்கிறது. குளவிக்கு இது கூடு கட்ட வாகான ஓட்டை. 2013-இல் பிரிஸ்பேனில் கிளம்பிய ஒரு பெரிய ஏர்பஸ் விமானமே, பிடோ குழாய் ஒன்றைக் குளவிக் கூட்டின் மண் அடைத்ததால் திரும்ப வேண்டியதாயிற்று. எனவே நிறுத்தியதும் குழாயை மூடு என்கிறார்கள். பழைய டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டுகிறவர்களும் உண்டு, ரெக்சின் துணியில் உறை தைப்பவர்களும் உண்டு.

உறை தைப்பது சுலபம். அதை மறக்க முடியாதபடி செய்வதில்தான் திறமை இருக்கிறது. 1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603 விமானத்தில், கழுவும்போது காற்றழுத்தத் துளைகளின் மேல் ஒட்டிய டேப்பை யாரும் பிரிக்கவில்லை. கருவிகள் உயரத்தையும் வேகத்தையும் தாறுமாறாகக் காட்ட, இருட்டில் அந்த போயிங் 757 கடலில் விழுந்து 70 பேரும் இறந்தார்கள். டேப் வெள்ளி நிறம். விமானத்தின் உடலும் வெள்ளி நிறம். உறையில் தொங்கும் நீளமான சிவப்பு ரிப்பன் அலங்காரத்துக்கு அல்ல என்பது இப்போது புரியும்.

கன்ட்ரோல் பூட்டின் கதையும் இதேதான். நிறுத்திய விமானத்தின் இறக்கைப் பலகைகளைக் காற்று படபடவென்று அடித்து உடைத்துவிடாமல் இருக்க, ஸ்டியரிங்கை ஒரு கம்பியால் பூட்டுவார்கள். செஸ்னா தரும் கம்பியில் ஒரு தகடு இருக்கும். அது சாவி போடும் இடத்தை மறைத்து நிற்கும். எடுக்காமல் எஞ்சினைக் கிளப்ப முடியாது. கம்பி தொலைந்துபோனால் பலர் அதைச் சொருகும் துளையில் ஒரு போல்ட்டையோ பெரிய ஆணியையோ சொருகிவிடுகிறார்கள். ஆணி பூட்டுகிற வேலையைச் சரியாகவே செய்யும், சாவியைத்தான் மறைக்காது. 1935 அக்டோபர் 30 அன்று ஒஹையோவில் போயிங்கின் 299 மாடல் விமானம் பூட்டு எடுக்கப்படாமலே மேலேறி விழுந்தது. பைலட்கள் செக்லிஸ்ட் வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்த விபத்தில்தான் வேர்விட்டது.

எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் வந்தால் கைவேலையின் கெட்டிக்காரத்தனம் கூடுகிறது. பல விமானங்கள் இப்போது தங்கள் இடத்தையும் உயரத்தையும் 1090, 978 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் ஒலிபரப்பிக்கொண்டே போகின்றன. டி.வி. பார்க்க விற்ற மலிவான யுஎஸ்பி ட்யூனரை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் செருகினால் அவற்றைப் பிடித்து டேப்லெட்டில் காட்டலாம். ஸ்ட்ராட்டக்ஸ் என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. கடைக் கருவியின் விலையில் ஒரு பகுதிதான் செலவு. வெயில் அடிக்கும் கண்ணாடியோரம் வைத்தால் சூடேறி நின்றுவிடும் என்பதால் ஒரு குட்டி ஃபேனும் வைக்கிறார்கள். ஆனால், ஒலிபரப்பாத விமானங்களைப் பற்றி ரேடார் அறிந்ததைத் தரைநிலையங்கள் அனுப்புவது, ஒலிபரப்பும் கருவி பொருத்திய விமானங்களுக்காகத்தான். கேட்க மட்டும் தெரிந்த பெட்டிக்குப் பாதிப் படம்தான் கிடைக்கும். திரை காலியாக இருந்தால் வானமும் காலி என்று எண்ணிவிடக் கூடாது.

முழு விமானத்தையே வீட்டில் கட்டுபவர்களுக்கு எதையும் எங்கும் வைக்கும் சுதந்திரம் உண்டு. பெரும்பகுதி வேலையைத் தாமே செய்திருக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி அப்படிப்பட்ட இரண்டு இருக்கை விமானம். வரைபடப்படி, எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் எடுப்பது என்று மாற்றும் திருகு பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்கும். ஒருவர் தாம் கட்டியதில் அதைப் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். பெட்ரோல் குழாய் காக்பிட்டுக்குள் வர வேண்டாம் என்பது அவர் எண்ணம். தீ என்று பார்த்தால் நியாயமானதும்கூட.

கைமாறி வந்த அந்த விமானத்தைப் பாடகர் ஜான் டென்வர் வாங்கினார். 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரேயில், கிளம்பும்முன் திருகு எட்டாததைப் பற்றி டெக்னீஷியனிடம் பேசினார். பிடியை நீட்ட ஒரு கொறடாவை மாட்டிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பின்னால் இருந்த பெட்ரோல் கேஜைப் பார்க்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார்கள். பெட்ரோல் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். சற்று நேரத்தில் விமானம் கடலில் விழுந்து அவர் இறந்தார்.

திருகைப் பிடிக்க உடலைத் திருப்பும்போது தன்னையறியாமல், விமானத்தை வலப்பக்கம் திருப்பும் ரட்டர் பெடலை மிதித்திருக்கிறார், பெட்ரோலும் நிரப்பாமல் கிளம்பினார் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. விபத்துக்குத் துணைபோனவை என்று அது எழுதியவற்றில் இரண்டு கைவேலை சம்பந்தப்பட்டவை: திருகைக் குறியிடாமல், கை எட்டாத இடத்தில் வைத்தது ஒன்று, பெட்ரோல் அளவு காட்டும் கேஜில் கோடு போடாமல் விட்டது இன்னொன்று.