கோடிங் வேலைக்கு எது சரி: சொந்த கம்ப்யூட்டரா, விர்ச்சுவல் டெஸ்க்டாப்பா?

2020 மார்ச்சில் லாக்டவுன் வந்தபோது, பல ஐடி நிறுவனங்கள் அலுவலக டெஸ்க்டாப்களை வேனில் ஏற்றி ஊழியர்களின் வீடுகளுக்கே அனுப்பின. வேறு சிலரோ வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பிலேயே லாகின் செய்து வேலையைத் தொடர்ந்தார்கள். அவர்களின் ‘ஆபீஸ் கம்ப்யூட்டர்’ ஓடியது எங்கோ ஒரு டேட்டா சென்டரில். அதுதான் விர்ச்சுவல் டெஸ்க்டாப்.

இன்று வீட்டிலிருந்து வேலை பார்க்கும் டெவலப்பருக்கும், புதிதாக ஆள் எடுக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரே குழப்பம்தான்: எதில் பணம் போடுவது?

எப்படி இயங்குகிறது?

ப்ராசஸர், ரேம், ஸ்டோரேஜ் எல்லாமே சர்வரில் இருக்கும். நம் திரைக்கு வருவது படம் மட்டுமே. நாம் தட்டும் எழுத்தும் மவுஸ் அசைவும் இணையம் வழியாக அங்கே போகும். அமேசான் வொர்க்ஸ்பேஸஸ், 2021-ல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 365 ஆகியவை இந்த வகைதான்.

என்ன லாபம்?

முதலில் பாதுகாப்பு. கோட் சர்வரிலேயே இருப்பதால், லேப்டாப் திருடுபோனாலும் கோட் போகாது. புதிதாகச் சேர்பவருக்கு எல்லா சாஃப்ட்வேரும் போட்டுவைத்த டெஸ்க்டாப்பை அன்றே கொடுத்துவிடலாம். ரேம் போதவில்லையா? பிளானை மாற்றினால் போதும்.

எங்கே இடிக்கும்?

தூரம்தான் முதல் சிக்கல். ஃபைபர் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னையில் இருப்பவருக்கு மும்பை சர்வர் என்றால் தாமதம் பெரிதாகத் தெரியாது. அமெரிக்க சர்வர் என்றால் போய்வர 200 மில்லி செகண்டைத் தாண்டிவிடும். தட்டிய எழுத்து திரையில் தாமதமாகத்தான் வரும். நாள் முழுக்க டைப் செய்பவருக்கு இது தலைவலி.

ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் ஒரு விர்ச்சுவல் மெஷின்தான். அதை இன்னொரு விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓட்ட எல்லா பிளான்களும் அனுமதிப்பதில்லை.

முக்கியமாக, நெட் போச்சுன்னா வேலையும் நின்றுவிடும். சொந்த லேப்டாப் என்றால், நெட் இல்லாதபோதும் கிட்-டில் கமிட் செய்துவைத்து, பிறகு புஷ் செய்யலாம்.

செலவுக் கணக்கு

90,000 ரூபாய் லேப்டாப்பை 3 வருடம் பயன்படுத்தினால் மாதம் 2,500 ரூபாய் ஆகிறது. இதே திறனுள்ள விர்ச்சுவல் டெஸ்க்டாப்பின் மாத பில்லை இதோடு ஒப்பிடுங்கள். மணிக்கணக்கு பிளான் என்றால், அணைக்க மறந்தால் ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டே இருக்கும்! திரையைப் பார்க்கவும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

அப்போ எதை எடுக்கலாம்?

வங்கி போன்ற கிளையன்ட்டின் கோட், ஒப்பந்த ஊழியர்கள் என்றால் விர்ச்சுவல். மொபைல் ஆப், கேம் என்றால் சொந்த மெஷின். ஐபோன் ஆப் செய்ய எக்ஸ்கோட் வேண்டும், அது மேக்கில் மட்டுமே ஓடும்.

வெப் வேலைக்கு நடுவழியும் உண்டு. விஎஸ் கோட் எடிட்டரின் ‘ரிமோட்’ வசதியில் டைப்பிங் நம் லேப்டாப்பில் நடக்கும். கோடும் பில்டும் சர்வரில் இருக்கும். எழுத்து தாமதமாகாது.

எதுவானாலும், வருடச் சந்தா கட்டும் முன் ஒரு வாரம் உங்கள் வீட்டு நெட்டில், உங்கள் ப்ராஜெக்டையே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.