பொனற்றைத் திறக்காதீர்கள்

உடுப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் புறப்படும் கார் முதலில் வல்லை வெளியைக் கடந்தாக வேண்டும். சுற்றிலும் உவர்த்தரையும் நீரேரியும். எதிர்க்காற்று சைக்கிள்காரரை இறங்கி உருட்ட வைத்துவிடும். பழைய ஒஸ்ரின் ஒன்றின் எஞ்சினில் தீப்பிடிக்க வடமராட்சியில் இதைவிட மோசமான இடம் இல்லை. யாழ். மாநகரசபையின் தீயணைப்பு வண்டி ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் ஓடி வரவேண்டும். நீரேரி நிறையத் தண்ணீர் கிடக்கிறதே என்றால், அதை அள்ளி ஊற்றினால் எரியும் பெற்றோல் தண்ணீரின் மேல் மிதந்து தெருவெல்லாம் பரவும். பெற்றோலின் அடர்த்தி தண்ணீரில் முக்கால் பங்குதான்.

2016 செப்டம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோதும் தீயணைப்பு வண்டி யாழ்ப்பாணத்திலிருந்துதான் வரவேண்டியிருந்தது. ஒரு சந்தைக்கே அந்த நிலை என்றால் தனிக் காருக்கு என்ன கதி? இந்தப் பக்கத்தில் பழைய கார் வைத்திருப்பவரே அதற்குத் தீயணைப்புக்காரரும்.

குடாநாட்டில் அப்படிப்பட்ட கார்கள் கொஞ்சநஞ்சமல்ல. 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ40 சொமர்செற், அதற்கு முந்திய டெவன், பின்வந்த கேம்பிரிட்ஜ், 1948 இலிருந்து 1971 வரை வெளிவந்த மொறிஸ் மைனர் எல்லாம் இங்கே இன்னும் தெருவில் ஓடுகின்றன. 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் புதுக் கார் அரிதானது. வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போன காலத்தில் கமக்காரர் வீடுகளுக்குள்ளும் இந்தப் பழைய கார்கள் புகுந்தன. பிறகு போர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. ஒவ்வொரு தடையும் இந்தக் கிழங்களின் ஆயுளை நீட்டியது.

ஆனால் இவற்றின் பொனற்றுக்குள் என்ன நடந்தது என்பதை அறிய 1990க்குப் போகவேண்டும். அந்த ஜூனில் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்ததும், குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது நின்றது. அளவோடு கிடைத்த மண்ணெண்ணெயில் கார் ஓடியது, மோட்டார் சைக்கிள் ஓடியது, இறைப்பு மெஷினும் ஓடியது. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் உயிர் பிடிக்காது; அது போதியளவு ஆவியாகாது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் பொத்திப் பாதுகாத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றர் வாயில் விட்டு ஸ்ராட் செய்வார்கள். எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். சைலென்சரிலிருந்து வந்த வெண்புகையும் அந்த மணமும் ஒரு தலைமுறைக்கே நினைவிருக்கும்.

யாழ்ப்பாணத்துக் கெட்டித்தனம் என்று இதைப் பலர் சொல்வதுண்டு. கெட்டித்தனம் உண்மை, தத்துவம் பழையது. 1940களின் பிற்பகுதியில் பிரித்தானிய வயல்களில் ஓடிய பேர்கசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை இதே முறையில்தான் இயங்கியது. பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடானதும் குழாய்த் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய மலிவு எரிபொருளுக்கு மாறுவார்கள். அந்த எஞ்சினை அமுக்க விகிதம் குறைத்து அதற்கென்றே செய்திருந்தார்கள். ஏ40 இன் அமுக்க விகிதமும் 7க்குச் சற்று மேல்தான். இன்றைய கார்களில் அது 10ஐத் தாண்டும். பழைய எஞ்சின் மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டதன் காரணம் அந்தச் சாதுவான அமுக்கம்தான்.

தீயின் கணக்கில் இரண்டு எரிபொருளும் இரண்டு குணம். பெற்றோல் மைனஸ் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கிவிடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது; கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மண்ணெண்ணெய்க்கு இந்த எல்லை 38 பாகைக்கு மேல். குளிர்நாட்டில் அது ஆபத்துக் குறைந்த சாமான். சித்திரை வெயிலில் நிற்கும் காரின் பொனற்றுக்குள் 38 பாகை என்பது ஒரு பொருட்டே அல்ல. ஓடி நின்ற எஞ்சினைச் சுற்றி 60, 70 பாகை எளிதில் வரும். அங்கே மண்ணெண்ணெயும் பெற்றோலைப் போலத்தான் நடந்துகொள்ளும்.

பலர் எதிர்பாராத இன்னொன்றும் உண்டு. நெருப்புப் பொறியே இல்லாமல், வெறும் சூட்டினால் தானாகப் பற்றும் வெப்பநிலை மண்ணெண்ணெய்க்குப் பெற்றோலைவிடக் குறைவு. ஆய்வுகூட அளவீட்டில் மண்ணெண்ணெய் ஏறத்தாழ 220 பாகையில் தானாகப் பற்றும். பெற்றோலுக்கு 250க்கு மேல் வேண்டும். மண்ணெண்ணெயின் நீண்ட காபன் சங்கிலிகள் சூட்டில் எளிதில் உடைவதே காரணம். ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போது எஞ்சின் ‘டக டக’ என்று தட்டுவதும் அதே காரணத்தால்தான். திறந்த காற்றில், பழுக்கக் காய்ந்த இரும்பில் விழும் துளி பற்றிக்கொள்ள இந்த அளவுகளைவிட அதிகச் சூடு தேவை. ஆனால் பாரம் இழுத்து வந்த எஞ்சினின் புகைபோக்கி மனிபோல்ட் பல நூறு பாகையில் இருக்கும்.

அந்த மனிபோல்ட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மொறிஸ் மைனரின் ஏ வரிசை எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில். காபரேற்றர் கொதிக்கும் இரும்புக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. குளிர்நாட்டில் எரிபொருள் நன்றாக ஆவியாக அது உதவியது. இங்கே காபரேற்றரின் மிதவைக் கிண்ணம் நிரம்பி வழிந்தால் வழிவது அடுப்பின் மேல்.

மிதவைக் கிண்ணம் ஏன் வழிகிறது? உள்ளே ஓர் ஊசி வால்வு. மட்டம் ஏறியதும் மிதவை அதை மூடவேண்டும். ஊசியின் நுனியில் தூசு ஒன்று ஒட்டினால் போதும், மூடாது. தடைக்காலத்தில் கலன் கலனாகக் கைமாறிய மண்ணெண்ணெயில் துருவும் மண்ணும் தண்ணீரும் வந்தன. 2022 இல் எரிபொருள் நெருக்கடி வந்து, ஆட்கள் பழையபடி போத்தலும் கலனுமாக அலைந்தபோதும் அதே கதைதான். அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியதோடு அதை வேறு எரிபொருளில் கலப்படம் செய்வதில் இருந்த ஆதாயம் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் அவசரத்துக்கு வெட்டிப் பூட்டிய ‘ரீ’ இணைப்புகளும், ஏதோ ஒரு கண்ணாடி ரியூப்பும், கிளிப்புக்குப் பதிலாகச் சுற்றிய கட்டுக்கம்பியும் சில கார்களில் அப்படியே கிடக்கின்றன. கார் நன்றாக ஓடுகிறது. ஆகவே யாரும் கை வைப்பதில்லை. பழைய காரை எரிப்பது பெரும்பாலும் அதன் வயதல்ல, இடையில் எவரோ செய்த தற்காலிக வேலை.

அடுத்த எதிரி வயர். ஐம்பதுகளின் கார்களில் செப்புக் கம்பிக்கு மேல் ரப்பர், அதற்கு மேல் நூல்பின்னல். ரப்பர் எழுபது வருடத்தில் உலர்ந்து, வளைத்தால் பொடியாகிறது. கடல்காற்று படும் வடமராட்சியில் இணைப்புகள் பச்சை பூத்து மின்தடை ஏறுகிறது. அரை ஓம் தடையுள்ள ஓர் இணைப்பினூடாக 6 அம்பியர் ஓடினால் அங்கே 18 வாற் சூடு பிறக்கும். ஈயம் பற்றவைக்கும் சின்னக் கோலின் சூடு அது. பியூஸ் இதைக் கவனிக்காது, ஏனென்றால் மின்னோட்டம் கூடவில்லை. பியூஸும் எத்தனை? மைனர் போன்றவற்றில் 35, 50 அம்பியர் என்று இரண்டே இரண்டு. தலைவிளக்குச் சுற்றில் அதுவும் இல்லை. அந்த இரண்டின் இடத்திலும் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்தவர்கள் உண்டு.

இந்தக் கார்களில் இளம் மெக்கானிக்குகள் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அக்காலப் பிரித்தானியக் கார்களில் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு பூட்டப்பட்டிருக்கும். ‘முதலில் மைனஸைக் கழற்று’ என்று இன்றைய காரில் பழகியவர் இங்கேயும் அப்படிச் செய்தால், சாவி உடலில் தட்டிப் பெரும் பொறி பறக்கும். அதுவும் பெற்றோல் மணக்கும் இடத்தில். உடலோடு சேர்ந்த முனை எதுவோ அதையே முதலில் கழற்றவேண்டும்.

ஓடும்போது மட்டும்தான் ஆபத்து என்று எண்ணவேண்டாம். எஞ்சினை நிறுத்தியதும் விசிறி நிற்கிறது, தண்ணீர் சுற்றுவது நிற்கிறது. இரும்பில் இருந்த சூடு பொனற்றுக்குள் பரவிக் கொஞ்ச நேரத்துக்கு வெப்பநிலை ஏறத்தான் செய்யும். காபரேற்றரில் மிஞ்சிய பெற்றோல் கொதிப்பதும் அப்போதுதான். கல்யாண மண்டபத்து வாசலில் மாலையோடு நிறுத்திய ஏ40 பத்து நிமிடம் கழித்துப் புகைந்தால் அதில் மர்மம் எதுவும் இல்லை. மாதக்கணக்கில் கொட்டிலில் கிடந்த காரென்றால் மனிபோல்ட்டின் மேல் அணில் தும்புக்கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

சரி, புகை வந்துவிட்டது. இனி?

ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தவேண்டும். மைனரில் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. சாவி போட்டபடி இருந்தால் அது தீக்குப் பெற்றோல் ஊட்டிக்கொண்டே இருக்கும். ஆட்களை இறக்கி, காற்று வரும் பக்கமாக நகரவேண்டும். அதன்பின் வருவது எல்லாருடைய கையும் துடிக்கும் காரியம்: பொனற்றைத் தூக்குவது. அதைச் செய்யக்கூடாது. உள்ளே தீ காற்றுக்குத் திணறிக்கொண்டிருக்கிறது. முழுக்கத் திறந்தால் ஒட்சிசன் புகுந்து சுவாலை முகத்துக்கு ஏறும். கொக்கி விடும் அளவுக்கு இரண்டு விரல் இடைவெளி போதும். அதனூடாகவோ முன்கிறிலினூடாகவோ அடியிலிருந்தோ தீயணைப்பானை அடிக்கவேண்டும். கொக்கியே சூடேறிக் கையைச் சுட்டால் காரை விட்டுவிட வேண்டியதுதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்ராட் பண்ணும்போது சுவாலை பின்வாங்கிக் காபரேற்றர் வாயில் மட்டும் எரிந்தால், ஸ்ராட்டரைத் தொடர்ந்து சுற்றினால் எஞ்சின் அந்தத் தீயை உள்ளே உறிஞ்சிவிடும். பிஸ்டன் எஞ்சின் விமானங்களின் விமானிகளுக்கும் இதையே கற்பிக்கிறார்கள். காபரேற்றருக்கு வெளியே எரிபொருள் சிந்தியிருந்தால் இந்த வித்தை வேண்டாம்.

கையில் என்ன இருக்கவேண்டும்? ஒரு காலத்தில் கார்க்காரர் விரும்பியது ஹேலன் வாயு. கறை இல்லை, துரு இல்லை. ஓசோன் படலத்தைத் தின்றதால் மொன்றியல் உடன்படிக்கையின்படி 1994 தொடக்கத்தில் செல்வந்த நாடுகள் அதன் உற்பத்தியை நிறுத்தின. இன்று எளிதில் கிடைப்பது உலர் தூள். அதை அடித்த பிறகு எஞ்சினை நன்றாகக் கழுவாவிட்டால் அதிலுள்ள அமோனியம் பொசுபேற்று ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். எரிந்த காரைவிட அது மேல். காரில் வைக்கும் சின்ன உருளை பத்து விநாடியளவில் தீர்ந்துவிடும் என்பதால், சுவாலையின் நுனியில் அடித்து வீணாக்காமல் அடியில் அடிக்கவேண்டும். அதைப் பூட்டும் இடம் சாரதியின் இருக்கையடி; டிக்கிக்குள் ஸ்பெயர் ரயருக்குக் கீழே கிடந்தால் அது ஊர்வலத்துக்குத்தான் உதவும். தூள் தீர்ந்தால் மண்ணை அள்ளிக் கொட்டலாம், நனைத்த சாக்கைப் போர்த்தலாம்.

படங்களில் வருவது போலக் கார் வெடித்துப் பறப்பது அரிது. ராங்கிக்குள் ஆவி மிகச் செறிவாக இருப்பதால் அங்கே தீ பரவக் காற்று போதாது, காற்றில் 1.4 முதல் 7.6 வீதம் வரை கலந்தால்தான் பெற்றோல் ஆவி எரியும். ஆனாலும் ரயர் வெடிக்கும், புகை நஞ்சு. வோக்ஸ்வாகன் பீற்றில் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றை அறிந்திருக்கவேண்டும்: அதன் எஞ்சின் உடல் மக்னீசியக் கலப்புலோகம். அது பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றுவது தீயை இன்னும் மூட்டும்.

இத்தனை தொல்லையையும் தவிர்க்கும் சாமான் பெற்றோல் ஓடும் ஒரு மீற்றர் ரப்பர் ஹோஸ். இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெற்றோலில் 10 வீதம் எதனோல் கலக்கிறார்கள். இந்தியா 20 வீதத்துக்கு வந்துவிட்டது. எதனோல் பழைய ரப்பரையும் தக்கையையும் தின்னும் என்பதால் இங்கிலாந்தின் பழைய கார்ச் சங்கங்கள் புளோரின் சேர்ந்த உட்பூச்சுள்ள ஹோஸைச் சிபாரிசு செய்கின்றன. அதன் மேல் ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்9’ என்று அச்சிட்டிருக்கும். திருவிழாவுக்கு இலண்டனிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொக்லேற்றோடு இதையும் கேட்கலாம். போலி அச்சும் சந்தையில் உண்டு. ஆகவே பூட்டுவதற்கு முன் விரலளவு துண்டொன்றை வெட்டி, மூடிய போத்தலில் பெற்றோலில் சில நாள் ஊறவிட்டுப் பார்ப்பது நல்லது. துண்டு ஊதியிருந்தாலோ பெற்றோல் கறுத்திருந்தாலோ அந்த ஹோஸ் பூங்கன்றுக்குத் தண்ணீர் விட உதவும்.