தப்பியோடியவரும் நம் வீட்டுக் கதவும்

2008-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிங்கப்பூரில், கிளமெண்டியிலுள்ள என் தமக்கையார் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், மின்தூக்கி அருகே, ஒருவரின் படம் ஒட்டப்பட்டிருந்தது. “இன்னும் பிடிபடவில்லையா?” என்பதே அன்று எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு.

அவர் மாஸ் செலாமாட் கஸ்தாரி. ஜெமா இஸ்லாமியா என்னும் பயங்கரவாத இயக்கத்தின் சிங்கப்பூர்ப் பிரிவுத் தலைவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், விட்லி சாலைத் தடுப்புக் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டிருந்தார். பிப்ரவரி 27 அன்று, குடும்பத்தாரைச் சந்திக்குமுன் கழிவறைக்குச் சென்றார். உள்ளே குழாய்நீர் ஓடும் ஓசை கேட்டது. காவலர்கள் வெளியே காத்திருந்தனர். கம்பி போடாத சன்னல் வழியாக அவர் வெளியேறிவிட்டார்!

காவல் துறையினரும் படைவீரரும் காடுமேடெல்லாம் தேடினர். கால் சற்றுத் தாங்கி நடப்பார் என்று அடையாளமும் சொல்லப்பட்டது. அவரோ தெம்பனிஸ் வட்டாரத்தில் உறவினர் வீட்டில் ஒளிந்திருந்தார். பெண்ணைப்போல் முக்காடணிவித்து அவரை வெளியே அனுப்பினர். பின்னர் மிதவை ஒன்றின் துணையால் நீரிணையைக் கடந்து ஜொகூரை அடைந்தார். ஓராண்டுக்கும் மேலாகி, 2009 ஏப்ரல் 1 அன்று ஸ்கூடாய் அருகே மலேசியக் காவல் துறையிடம் பிடிபட்டார். 2010-இல் சிங்கப்பூருக்கு ஒப்படைக்கப்பட்டார். அடைக்கலம் தந்த உறவினர் மூவர் சிறை சென்றனர்.

அன்றிரவு தமக்கையார் என்னைக் கேட்டார்: “நம் தம்பி ஒருவன் இப்படி வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வாய்?” என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை.

நம் தோட்டங்களில், வந்தவரை யார், எவர் என்று கேட்குமுன் சோறு போடுவது வழக்கம். அது நல்ல வழக்கமே. ஆனால் காவலிலிருந்து தப்பியவர் எனத் தெரிந்தும் மறைத்து வைப்பது குற்றமாகும். சொந்தக்காரர் என்றால், தாமாகவே சரணடையும்படி எடுத்துச் சொல்லுங்கள். வழக்கறிஞரை நாட உதவுங்கள். முன்பின் தெரியாதவர் என்றால் விரட்டிப் பிடிக்க முயல வேண்டாம். உடை, நடை, போன திசை ஆகியவற்றை மனத்தில் குறித்துக்கொண்டு காவல் நிலையத்திற்குச் சொல்லுங்கள்.

சிறைக்கு ஒரு சன்னல் எப்படியோ, வீட்டுக்கு நம் பாசம் அப்படி. பாசம் வேண்டும்; அதற்குக் கம்பியும் வேண்டும். தமக்கையாருக்கு நான் பிறகு சொன்ன விடையும் இதுவே.