மோட்டார் வண்டியின் பாட்டரியை மாற்றும் முறை

பயிர்த் தொழில் செய்வோர் பலர் இக்காலத்தில் காரோ, ஜீப்போ, சரக்கு வண்டியோ வைத்திருக்கின்றனர். அவ்வண்டியின் பாட்டரி சில ஆண்டுகளில் சக்தி குன்றுவது இயல்பே. பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவது எளிய வேலையாயினும், முறை தவறினால் வண்டியின் ஞாபகத்திலுள்ள அமைப்புகள் அழிவதோடு விலையுயர்ந்த கருவிகளும் கெடக்கூடும். ஆகையால் இதன் முறையை மிராசுதார்கள் அறிந்திருத்தல் நலம்.

அழிபவை.— எஞ்சினை ஆளும் கணிப்பொறியின் அடிப்படைக் கட்டளைகள் மின்சாரம் நின்றாலும் அழிவதில்லை. கடிகாரத்தின் நேரம், ரேடியோ நிலையங்கள், ஜன்னல் கண்ணாடி தானே ஏறி நிற்கும் எல்லை, எஞ்சின் மெதுவாக ஓடுகையில் கணிப்பொறி பழகிக்கொண்ட அளவுகள் ஆகியவை வண்டிக்குத் தக்கபடி அழியலாம். சில ரேடியோக்கள் இரகசிய எண்ணைக் கொடுத்தாலன்றி மீண்டும் பாடா. எனவே வேலை தொடங்குமுன் அவ்வெண்ணையும் மற்ற அமைப்புகளையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

செய்யத்தகாதது.— அமைப்புகள் அழியாதிருக்க, எஞ்சின் ஓடும்போதே பாட்டரியைக் கழற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது பெருந் தவறு. பாட்டரி நீங்கியதும் ஆல்டர்நேட்டரின் மின் அழுத்தம் திடீரென்று பன்மடங்கு உயர்ந்து கணிப்பொறியைக் கெடுத்துவிடலாம். கடிகார நேரத்தைக் காக்கப்போய் எஞ்சினின் மூளையை இழப்பது அறிவுடைமையாகாது.

தக்க முறை.— ‘மெமரி சேவர்’ எனப்படும் கருவி கடைகளில் கிடைக்கும். 12 வோல்ட் சிறு பாட்டரியிலிருந்து, ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள 16 துளைச் சோதனை முனைக்கு மின்சாரம் தருவதே அதன் வேலை. அதை உபயோகிக்கும் வரிசை பின்வருமாறு:

1. பானெட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கி, விளக்குகளை அணைத்து, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்க.

2. கருவியை முனையில் செருகிக் கதவுகளை மூடுக. கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரிந்து சிறு பாட்டரியின் சக்தியை உறிஞ்சும்.

3. முதலில் கழித்தல் குறியுள்ள கம்பியைக் கழற்றுக. வண்டியின் உடல் இம்முனையோடு இணைந்திருப்பதால், கூட்டல் முனையை முதலில் தளர்த்தும்போது ஸ்பானர் உடலில் பட்டால் பெருந் தீப்பொறி எழும்.

4. பின்னர் கூட்டல் கம்பியைக் கழற்றி உடனே தடித்த ரப்பரால் சுற்றுக. கருவி செருகியிருக்கும்வரை அக்கம்பியில் மின்சாரம் உண்டு. அது இரும்பில் பட்டால் ப்யூஸ் எரிந்து, காக்க நினைத்த அமைப்புகளெல்லாம் அழியும்.

5. அதே வகையும் அளவும் உள்ள புதிய பாட்டரியை அசையாமல் இறுக்கி, முதலில் கூட்டல், கடைசியில் கழித்தல் என்று கம்பிகளைப் பூட்டுக. பின்னரே கருவியை எடுக்க வேண்டும்.

கருவி இல்லாவிடினும் அஞ்ச வேண்டுவதில்லை. பல வண்டிகளில் கடிகாரத்தைத் திருத்தி, கண்ணாடியை முழுதும் ஏற்றிச் சில விநாடி பொத்தானை அழுத்தி வைத்து, சற்று தூரம் ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும். ரேடியோவின் எண் மட்டும் தாளில் இருத்தல் அவசியம். எந்த வண்டிக்கும் அதன் கைப்புத்தகத்தின் விதியே முடிவானது.

எச்சரிக்கை.— பாட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாதலால் அருகில் பீடி, சுருட்டு ஆகா. கந்தகத் திராவகம் மேலே பட்டால் உடனே ஏராளமான தண்ணீரால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவியபின் தாமதமின்றி வைத்தியரிடம் செல்க.

பழைய பாட்டரி.— இதிலுள்ள ஈயம் கொடிய நஞ்சு. இதை வாய்க்காலோரத்திலோ களத்திலோ உடைத்தல் நிலத்தையும் நீரையும் கெடுக்கும். குழந்தைகளுக்குப் பெருந் தீங்கு விளைக்கும். 2022-ம் வருஷத்திய இந்திய பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பாட்டரியை முறையாகச் சேகரிப்போரிடமே ஒப்படைக்க வேண்டுமென்கின்றன. புதிது வாங்கும்போதே பழையதைக் கடையில் கொடுத்தால் விலையிலும் தள்ளுபடி கிடைப்பது வழக்கம். கிராம அதிகாரிகள் இதனைத் தத்தம் ஊராருக்கு எடுத்துரைப்பார்களாக.