பொருட்குற்றமும் எதிர்வாதமும்

கோவலன் களவு செய்தவன் அல்லன்; ஆயினும் கள்வன் எனக் கொலையுண்டான். சிலப்பதிகாரம் காட்டும் அவ்வழக்கில் நேர்ந்த குறை யாது? அரசியின் சிலம்பு காணாமற் போனது உண்மை. அதனை ஒத்த சிலம்பொன்று கோவலன் கையில் இருந்ததும் உண்மை. இல்லாதிருந்தது ஒன்றே: அச்சிலம்பின் உள்ளீடு யாதென ஆராய வேண்டும் எனக் குற்றஞ் சாட்டப்பட்டவன் சார்பில் வேண்டி நிற்பார் ஒருவர். அதனைக் கண்ணகி செய்தபோது முத்துக்கும் மாணிக்கத்துக்கும் உள்ள வேறுபாடு நொடிப்பொழுதில் விளங்கிற்று. காலமோ கடந்துவிட்டது. அன்றியும், அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லனே கோவலனைக் காட்டிக்கொடுத்தவன். எதிர்வாதம் கேளாத நீதி, குற்றமற்றவனைக் கொன்றதோடு உண்மைக் கள்வனை மறைத்தும் வைத்தது.

பொருள் பற்றிய குற்றச்சாட்டுகளில் இத்தவறு நிகழ்தற்கு இன்றும் இடமுண்டு. எட்வின் சதர்லாந்து என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1939 ஆம் ஆண்டில், மதிப்பும் பதவியும் உடையோர் தம் தொழிலின் வழியே புரியும் குற்றங்களுக்கு 'வெள்ளைக் கழுத்துப்பட்டிக் குற்றம்' எனப் பெயரிட்டார். நம்பிக்கை மோசடி, வஞ்சித்தல், பொய்க்கணக்கு, போலி ஆவணம் ஆகியன இவ்வகையின. கொலைவழக்கிற் பிணம் உண்டு. களவிற் பூட்டுடைந்த கதவு உண்டு. இவ்வழக்குகளிலோ காணப்படுவது பெரும்பாலும் கணக்கேட்டில் ஒரு குறைவு மாத்திரமே. குறைவைக் கண்டதும் ஊர் தீர்ப்புக் கூறிவிடுகின்றது. இத்தகையவருக்காக வாதிடும் சட்டத்தரணியையும் மோசடிக்குத் துணைபோகின்றவர் எனப் பலர் கருதுவர். இக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை, குற்றஞ் சாட்டப்பட்ட எவரும் தாமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ நேர்மையான விளக்கத்திற் கேட்கப்படும் உரித்துடையர் என்றும், குற்றவாளி என எண்பிக்கப்படும்வரை குற்றமற்றவர் எனக் கொள்ளப்படுவர் என்றும் விதிக்கின்றது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 260 ஆம் பிரிவும் சட்டத்தரணி மூலம் எதிர்வாதஞ் செய்வதை உரிமையாகவே கூறுகின்றது. நல்லவர் எனத் தோன்றுபவருக்கு மட்டும் உரியது என்னும் வரையறை இவற்றுள் எங்கும் இல்லை.

இனி, குற்றம் எதன்கண் உளது என்பதைக் காண்போம். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 388 ஆம் பிரிவு நம்பிக்கை மோசடியை வரையறுக்கின்றது. பொருள் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருத்தல் வேண்டும். அதனை அவர் நேர்மையீனமாகத் தமதாக்கியோ, பயன்படுத்தியோ, நம்பிக்கைக்கு மாறாகக் கையாண்டோ இருத்தல் வேண்டும். நேர்மையீனம் என்பதும் வெறும் வசைச்சொல் அன்று. ஒருவருக்கு முறையற்ற ஆதாயத்தையோ மற்றொருவருக்கு முறையற்ற நட்டத்தையோ விளைக்கும் எண்ணமே அது என 22 ஆம் பிரிவு தெளிவுறுத்துகின்றது. ஆகவே பொருள் குறைந்தது என்பது குற்றத்தின் ஒரு பாதி. அது குறைந்தபோது பொறுப்பாளரின் உள்ளம் எவ்வாறிருந்தது என்பது மறுபாதி. எதிர்வாதம் பெரும்பாலும் இப்பிற்பாதியைப் பற்றியதே.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். அம்பாறை மாவட்டத்து வரிப்பத்தான்சேனை, இறக்காமம் முதலிய ஊர்கள் நெல்வயல் சூழ்ந்தவை. அத்தகைய ஊரொன்றிற் கூட்டுறவுக் களஞ்சியம் ஒன்று உளதாகக் கொள்க. பெரும்போக அறுவடையில் 10,000 கிலோ நெல் நூற்றுக்கு 18 வீத ஈரப்பதனுடன் அதனுட் சேர்கின்றது. சில மாதங்களின் பின் கணக்காய்வாளர் நிறுத்துப் பார்க்கையில் 9,535 கிலோவே உளது. 465 கிலோ எங்கே? ஊரார் பொறுப்பாளரின் வீட்டை நோக்குவர். கணிதமோ வேறொன்றைக் கூறுகின்றது. 18 வீதம் நீராயின் உலர்பொருள் 8,200 கிலோ. நெல் 14 வீத ஈரப்பதனுக்குக் காயும்போது அதே உலர்பொருள் 86 வீதமாகும். மொத்த நிறை ஏறத்தாழ 9,535 கிலோ ஆகும். ஒரு மணியேனும் களவு போகவில்லை. நீர் மாத்திரமே ஆவியாயிற்று.

ஆயின் இவ்விளக்கம் எல்லார்க்கும் பொருந்தும் கவசம் அன்று. நெல் பெறப்பட்ட நாளிலேயே 14 வீதமாய் உலர்ந்திருந்ததாயின் இக்கணிதம் உதவாது. குறைவு 2,000 கிலோவாயின் ஈரத்தின்மேற் பழி சுமத்தல் இயலாது. எனவே திறமையான சட்டத்தரணி முதலில் தேடுவது சொல்வன்மையை அன்று; நெல் பெற்ற நாளின் ஈரப்பதன் பதிவை, தராசு சோதிக்கப்பட்ட சான்றிதழை, களஞ்சியத்தின் திறப்பு யார் யாரிடம் இருந்தது என்னும் விவரத்தை. வழக்கின் உயிர் இவற்றிலேயே உளது.

வஞ்சித்தல் என்னும் குற்றத்திலும் இவ்வாறே. நெல்லைக் கடனுக்கு வாங்கிய வியாபாரி குறித்த தவணையிற் பணங் கொடுக்கவில்லை. அவர் வஞ்சகரா? வாங்கும்போதே கொடுக்கும் எண்ணமின்றிப் பொய்கூறி வாங்கினாராயின் அது வஞ்சனை. உண்மையாகவே கொடுக்கக் கருதிப் பின்னர் விலைவீழ்ச்சியால் நொடிந்தாராயின் அது கடன். குடியியல் வழக்கிற்கு உரியது. வாக்குத் தவறியது இரண்டிற்கும் பொது. வாக்களித்த வேளையில் இருந்த எண்ணமே இரண்டையும் பிரிக்கும் கோடு.

இவ்வெண்ணத்தை எண்பிக்கும் சுமை வழக்குத் தொடுநரையே சாரும். 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், ஒழுங்காக எழுதப்பட்டுவரும் கணக்கேட்டுப் பதிவுகளைச் சான்றாக ஏற்கின்றது. ஆயினும் அவை மாத்திரமே ஒருவர்மேற் பொறுப்பைச் சுமத்தப் போதா என 34 ஆம் பிரிவிற் காவலும் இடுகின்றது. ஏட்டை எழுதியவர் யார், அவருக்கு ஆணையிட்டவர் யார், திருத்தம் எந்நாளிற் செய்யப்பட்டது என்பன குறுக்கு விசாரணையில் வெளிப்பட வேண்டியவை. சந்தேகங்கள் பல திரண்டாலும் அவை சான்றின் இடத்தைப் பெறா என்பதைச் சுமணசேன வழக்கிற் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வலியுறுத்தியது.

எனினும் சட்டம் ஒருபக்கம் சாய்ந்தது அன்று. ஒருவருடைய அறிவுக்கே சிறப்பாக உரிய செய்தியை அவரே எண்பிக்க வேண்டும் என 106 ஆம் பிரிவு கூறும். தம் பொறுப்பிலிருந்த பணம் எங்ஙனம் சென்றது என்பதற்கு யாதொரு விளக்கமும் கூறாதவர்மேல் நீதிமன்றம் பாதகமான முடிபு கொள்ளக்கூடும். தவறான எண்ணத்தால் நேர்ந்தது என்பது போன்ற பொதுவிலக்கைக் கோருபவர் அதனைத் தாமே நிறுவுதல் வேண்டும். ஜயசேன வழக்கிற் கோமறைக் கழகம் இதனை உறுதிப்படுத்தியது. மௌனம் சிலவேளை அரண், சிலவேளை பொறி. எது எப்போது என்பதை அறிதற்கே சட்டம் கற்றவரின் துணை வேண்டப்படுகின்றது.

அத்துணை தொடக்கத்திலேயே வேண்டும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாக எண்பித்தல் ஆகாது என்பது 25 ஆம் பிரிவு. ஆனால் மேலதிகாரியிடமோ சங்கத் தலைவரிடமோ எழுதிக் கொடுத்த கடிதத்தை அப்பிரிவு காவாது. "பணத்தைக் கட்டிவிடுகிறேன் என்று ஒரு கடிதம் தாரும், காரியம் இதோடு முடியும்" என்று கூறப்படுவதை நம்பிக் குறைவுக்குக் காரணம் இன்னதென அறியாமலே ஒப்பமிடுபவர் உளர். அச்சுறுத்தியோ ஆசைகாட்டியோ பெற்ற ஒப்புதலைத் தள்ளும் வழி 24 ஆம் பிரிவில் உண்டு. எனினும் அதனைப் பின்னர் நிறுவுதல் எளிதன்று. பணத்தைத் திருப்பிக் கொடுத்தலும் நிகழ்ந்த குற்றத்தை அழிப்பதில்லை. சில காலத்திற்கு மட்டும் கையாடுதலும் கையாடலே எனச் சட்டக்கோவை கூறுகின்றது.

களஞ்சியப் பொறுப்பாளருக்கு மற்றொரு கடுமையும் உண்டு. 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பொதுச் சொத்துகளுக்கு எதிரான குற்றங்கள் சட்டம் கூட்டுறவுச் சங்கத்தின் சொத்தையும் பொதுச் சொத்தாகக் கொண்டது. பெறுமதி 25,000 ரூபாவுக்கு மேற்பட்டதென உயர் பொலிஸ் அதிகாரி சான்றுபகரின், விசேட காரணமின்றிப் பிணை வழங்கலாகாது என்றும் அச்சட்டம் விதித்தது. விலைவாசி உயர்ந்த இக்காலத்தில் அத்தொகை சில மூடை நெல்லே. தீர்ப்பின்முன் விளக்கமறியலிற் கழியும் நாள்களை எந்த விடுதலைத் தீர்ப்பும் மீட்டுத் தருவதில்லை.

செல்வர் சிறந்த சட்டத்தரணியரை அமர்த்துவர். வறியவர் செய்வது யாது? மேல் நீதிமன்றிற் குற்றப்பத்திரம் கையளிக்கப்படும்போது சட்டத்தரணி இல்லாத எதிரி வேண்டின் நீதிபதி ஒருவரை நியமித்து உதவுவார். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவும் உளது. இவ்வழிகள் உள என்பதைக் கற்றோர் கல்லாதார்க்கு எடுத்துரைத்தல் சிறந்த தொண்டாகும்.

மோசடியால் இழந்தோரின் துயரை இவையெல்லாம் சிறிதாக்குவன அல்ல. 2008 ஆம் ஆண்டில் கோல்டன் கீ நிறுவனம் வீழ்ந்தபோது வைப்பாளர் பலர் தம் வாழ்நாட் சேமிப்பை இழந்து தவித்தனர். அவர்தம் சினம் நேரியதே. ஆயினும் அச்சினத்திற்கு நிறைவு தருவது யாரேனும் ஒருவர் தண்டிக்கப்படுதல் அன்று, செய்தவர் தண்டிக்கப்படுதலே. மேலிடத்தார் செய்த பிழைக்குக் கணக்கெழுதிய எழுதுவினைஞர் சிறைசெல்லின் இழந்தோர் மீண்டுமொருமுறை ஏமாற்றப்பட்டவராவர்.

பொய்யென்று தாம் அறிந்ததை மெய்யென நீதிமன்றின்முன் வைக்கும் உரிமை சட்டத்தரணிக்கு இல்லை. சான்றை உரைத்துப் பார்க்கும் கடமையோ அவருக்கு முழுதும் உண்டு. உரைகல்லைப் பொன் அஞ்சுவதில்லை. எதிர்வாதத்தின் உரைப்பில் நிலைத்து நின்ற குற்றத்தீர்ப்பையே தண்டிக்கப்பட்டவனும் உலகமும் நீதி என ஏற்கும். அவ்வுரைப்பிற்கு இடங் கொடாத தீர்ப்பு, தற்செயலாகச் சரியாய் அமைந்தாலும், நீதி எனப்படாது.