இலக்கமும் பெயரும் அறியப்படாத 'ஆமி'

கிழக்கில் யுத்த காலத்தில் நடந்தவை பற்றி எவரிடம் கேட்டாலும், பெரும்பாலான சாட்சியங்கள் 'ஆமி வந்தது' என்ற இரண்டு சொற்களிலேயே தொடங்குகின்றன. எந்தப் படையணி, எந்த முகாம் என்ற அடுத்த கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. இது மக்களின் குற்றமன்று. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுபவர், துப்பாக்கியுடன் நிற்பவரின் தோளிலுள்ள சின்னத்தை வாசித்துக்கொண்டிருக்க முடியாது. ஆயினும் விசாரணை என்று வரும்போது, அந்த இரண்டாவது கேள்விக்கு விடையில்லாமையே முறைப்பாட்டை முடக்கிவிடுகின்றது. ஆகவே, இராணுவப் பிரிவுகள் தமது இலக்கங்களையும் பெயர்களையும் எவ்வாறு பெறுகின்றன என்பதைத் தமிழ், முஸ்லிம் மக்கள் அறிந்திருப்பது அவசியமென நாம் கருதுகின்றோம்.

இம்மரபு நமக்குப் பிரித்தானியரிடமிருந்து வந்தது. அங்கு ஆரம்பத்தில் ஒரு படையணி அதன் கேணலின் பெயராலேயே அழைக்கப்பட்டது. கேணல் மாறினால் படையணியின் பெயரும் மாறும். இக்குழப்பத்தைத் தவிர்க்க, 1751இல் மூப்பு வரிசைப்படி இலக்கங்கள் வழங்கப்பட்டன. 1881இல் அந்த இலக்கங்களுக்குப் பதிலாக மாவட்டப் பெயர்கள் சூட்டப்பட்டன. அதே ஆண்டிலேயே இலங்கையில் இலகு காலாட்படைத் தொண்டர் படையும் உருவானது. அதற்கு முன்னர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் இங்கு திரட்டிய படைகளில் முதலாவது 'சிலோன் றெஜிமென்ட்' மலாய் முஸ்லிம்களைக் கொண்டிருந்தது. ஏனையவற்றில் சிங்களவரும் ஆபிரிக்கரும் இருந்தனர். வெறும் இலக்கமாகத் தோன்றியதன் பின்னால் இனவாரியான பிரிப்பொன்று இருந்தது. இவை 1827இல் 'சிலோன் றைபிள்ஸ்' என ஒன்றாக்கப்பட்டு, 1873இல் கலைக்கப்பட்டன.

சுதந்திரத்தின் பின்னர், 1949 ஒக்டோபர் 10ஆம் திகதி இலங்கை இராணுவம் உருவானது. அதன் முதலாவது இலங்கையரான தளபதி, 1955இல் பதவியேற்ற அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர் என்பது குறிப்பிடத்தக்கது. அவரது பதவிக் காலத்திலேயே, 1956இல், சிங்கப் படையணி அமைக்கப்பட்டது. 1962 ஜனவரியில் தோல்வியடைந்த சதிப்புரட்சி முயற்சியின் பின்னர், றஜரட்ட, ருகுணு என்ற பிரதேசப் பெயர்களைக் கொண்டிருந்த படையணிகள் இணைக்கப்பட்டு 'கெமுனு வோச்' பிறந்தது. 1983 ஒக்டோபரில் கஜபா படையணியும், அதன் பின்னர் விஜயபாகு காலாட்படையணியும் தோன்றின.

இப்பெயர்கள் தற்செயலானவையல்ல. கெமுனு என்பது எல்லாளனை வென்ற துட்டகைமுனு. விஜயபாகு என்பது 11ஆம் நூற்றாண்டில் சோழரை இத்தீவிலிருந்து வெளியேற்றிய மன்னன். கஜபா என்பது முதலாம் கஜபாகு. அவன் சோழ நாட்டிலிருந்து பன்னீராயிரம் பேரைச் சிறைபிடித்து வந்தான் என்பது சிங்கள மரபுக் கதை. ஆனால், சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது உடனிருந்த கயவாகு மன்னனாகச் சிலப்பதிகாரம் காட்டுவதும் இவனையே எனக் கருதப்படுகின்றது. காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வைகாசியில் கண்ணகியம்மனுக்குச் சடங்கு செய்யும் மக்களுக்கு இம்மன்னன் அந்நியனல்லன். ஒரே மன்னனை ஒரு மரபு வெற்றிவீரனாகவும் மற்றொரு மரபு பக்தனாகவும் நினைவுகூர்கின்றது. படையணியின் பெயர் முதலாவது நினைவையே தெரிவு செய்தது. பல்லின நாடொன்றின் இராணுவம் தனது பெயர்களால் யாருடன் பேசுகின்றது என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

இனி, இலக்கங்களுக்கு வருவோம். இங்கு இரண்டு ஒழுங்குகள் உள்ளன. ஒன்று, படையணியும் அதன் பற்றாலியன் இலக்கமும் ஆகும். '6ஆவது சிங்கப் படையணி' என்றால் அப்படையணியின் ஆறாவது பற்றாலியன் என்று பொருள். இது சிப்பாயின் நிலையான அடையாளம். மற்றையது, டிவிஷன், பிரிகேட் என்ற களமுனை ஒழுங்கு. டிவிஷனுக்கு இரண்டு இலக்கங்கள். அதன் பின் மேலும் ஓர் இலக்கம் சேர்ந்தால் அது பிரிகேட். 53ஆவது டிவிஷனின் பிரிகேட்டுகள் 531, 532, 533 என அழைக்கப்பட்டமை இவ்வாறே. ஓர் ஆசிரியர் பயின்ற கலாசாலை மாறுவதில்லை. அவர் கற்பிக்கும் பாடசாலை இடமாற்றத்துடன் மாறிவிடும். அதுபோலவே, கஜபா பற்றாலியன் ஒன்று இவ்வருடம் ஒரு பிரிகேட்டின் கீழும் அடுத்த வருடம் வேறொன்றின் கீழும் இருக்கலாம்.

டிவிஷன் இலக்கம் எண்ணிக்கையைக் காட்டுவதன்று. 58ஆவது டிவிஷன் இருந்ததால் ஐம்பத்தெட்டு டிவிஷன்கள் இருந்தன என்பதல்ல. கிழக்கில் திருகோணமலைக்கு 22, புணானைக்கு 23, அம்பாறைக்கு 24 என இலக்கங்கள் வழங்கப்பட்டன. யாழ். குடாநாட்டில் 51, 52, 55 என்பன நிலைகொண்டன. எதிரி எண்ணிவிடக் கூடாதென்பதற்காக இலக்கங்களைத் தாவவிடுவதும் உலக வழக்கமே. அமெரிக்கக் கடற்படையில் சீல் அணிகள் இரண்டே இருந்த காலத்தில், புதிய அணிக்கு ஆறு என்ற இலக்கம் இடப்பட்டமை பிரசித்தமானது.

ஒரே இலக்கம் வெவ்வேறு படைகளையும் குறிக்கலாம். 1987இல் யாழ்ப்பாணம் வந்தது இந்திய இராணுவத்தின் 54ஆவது டிவிஷன். 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தபோது அங்கிருந்தது இலங்கை இராணுவத்தின் 54ஆவது டிவிஷன். பின்னையது கலைக்கப்பட்டு, அவ்விலக்கம் பின்னொரு காலத்தில் வேறொரு டிவிஷனுக்கு வழங்கப்பட்டது. எனவே நாடு, இலக்கம், ஆண்டு மூன்றும் சேர்ந்தாலன்றி அடையாளம் முழுமை பெறாது. விடுதலைப் புலிகளோ தமது படையணிகளுக்கு மாண்ட போராளிகளின் பெயர்களைச் சூட்டினர். மட்டக்களப்பு–அம்பாறை ஜெயந்தன் படையணி அத்தகையது.

ஆனால், நமது பிரதேசத்தின் துயரம் இந்த ஒழுங்குகளுக்குள் அடங்காதவர்களாலும் நேர்ந்தது. அம்பாறைக் கரையோரத்தில் நீண்டகாலம் நிலைகொண்டிருந்த விசேட அதிரடிப்படை இராணுவமன்று. அது பொலிஸ் திணைக்களத்துக்குரியது. மக்கள் அதனை முகாம் இருந்த ஊரின் பெயராலேயே அறிந்தனர். ஊர்காவற்படையினருக்கோ படையணிப் பெயரும் இல்லை, டிவிஷன் இலக்கமும் இல்லை. 2006இல் அவ்வமைப்பின் பெயரே சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாறியது.

1990 ஆகஸ்ட் 12ஆம் திகதி, வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் தாக்கிக் கொல்லப்பட்டனர். அதற்கு முந்திய வாரங்களில் இராணுவத்தினர் அங்கிருந்து இளைஞர்களைப் பிடித்துச் சென்றதாகவும், அன்று தாக்கியோர் ஊர்காவற்படையினர் எனவும் உயிர்தப்பியோர் சாட்சியமளித்தனர். அதே மாதம் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரும், சில நாட்களின் பின் ஏறாவூரில் மேலும் நூற்றுக்கும் மேற்பட்டோரும் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். தமிழர் 'முஸ்லிம்கள் வந்தார்கள்' என்றும், முஸ்லிம்கள் 'தமிழர் வந்தார்கள்' என்றும் சொல்லத் தலைப்பட்டனர். கட்டளையிட்டவரும் ஆயுதம் வழங்கியவரும் பெயரில்லாமல் மறைய, பழி முழுவதும் அயலூரவர் தலையில் வீழ்ந்தது. அடையாளம் தெரியாமற் போனதன் மிகப் பெரிய நட்டம் இதுவே.

மாறாக, 1996 செப்டெம்பரில் மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி கொல்லப்பட்ட வழக்கை நோக்குவோம். சம்பவம் செம்மணிச் சோதனைச்சாவடியுடன் தொடர்புடையதென்பது தெளிவாக இருந்தது. அங்கு கடமையிலிருந்தோர் யாவரெனக் கண்டறியவும் முடிந்தது. 1998 ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை விதித்தது. நீதி கிடைத்த அரிதான வழக்குகளுள் அது ஒன்றாகும்.

எனவே, காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கோ மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கோ முறைப்பாடு செய்வோரும், படையினர் வசமுள்ள காணியை மீளக் கோருவோரும், 'ஆமி' என்பதுடன் நிறுத்திவிடலாகாது. இராணுவமா, அதிரடிப்படையா, ஊர்காவற்படையா, எந்த முகாம், என்ன நிறத் தொப்பி, எத்தனையாம் ஆண்டு என்பவற்றை நினைவிலுள்ளவாறு எழுத வேண்டும். 1990இல் இருந்த அமைப்பு இன்றைய அமைப்பன்று. ஆகையால் இன்றைய இலக்கத்தை அன்றைய சம்பவத்துக்குப் பொருத்திவிடாமல், திகதியையும் இடத்தையும் சரியாகக் கொடுப்பதே மேலானது. அவ்வேளையில் அங்கு கடமையிலிருந்த பிரிவு எதுவென்பது அரசின் பதிவேடுகளில் இருக்க வேண்டிய தகவல். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தேசிய பாதுகாப்புக்கு விலக்களிக்கின்றது என்பது உண்மையே. முப்பது வருடங்களுக்கு முந்திய முகாமொன்றின் பெயர் எவ்வாறு தேசிய பாதுகாப்பாகும் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

அயலூரின் மீது சுமத்தப்பட்ட பழியை இறக்கிவைத்து, பொறுப்புக்கூற வேண்டியவரைப் பெயர் சொல்லிக் கேட்பது இரு சமூகங்களுக்கும் பொதுவான பணியாகும்.